கீமோ முடிஞ்சாச்சு, அடுத்து சிறுநீர்ப்பை அகற்றும் ஆபரேஷன்: இடையில் கிடைக்கும் வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கு கீமோதெரபி முடிந்துவிட்டது. அடுத்தது ஆபரேஷன், சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி இன்னும் 5, 6 வாரம் தள்ளி. "அதுவரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வாரங்களை வெறும் ஓய்வாகக் கழித்துவிடக் கூடாது. கீமோவில் தளர்ந்த உடம்பைத் தேற்றுவதற்கும், ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் எந்த வழியில் வெளியேற வேண்டும் என்ற பெரிய முடிவை எடுப்பதற்கும் கிடைக்கும் நேரம் அதுதான். ஆபரேஷன் மேஜையில் நடப்பது சர்ஜனின் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடப்பதில் பாதி, நோயாளி மற்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

அந்த வாரங்களில் என்ன செய்யலாம், எதைக் கேட்க வேண்டும், எதற்குத் தயாராக இருக்க வேண்டும்? முழு விவரம் இங்கே.

யாருக்கு இந்த ஆபரேஷன்?

2022-ல் உலகம் முழுவதும் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீர்ப்பை புற்றுநோய் கண்டறியப்பட்டதாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்கு சொல்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம். முக்கியக் காரணம் புகைப்பழக்கம்.

இவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டி சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நின்றுவிடும். கேமரா பொருத்திய குழாய் வழியாகச் சுரண்டி எடுத்து, பைக்குள்ளேயே மருந்து செலுத்திச் சமாளிக்கலாம். ஏறக்குறைய 4-ல் ஒருவருக்கு மட்டும், கண்டுபிடிக்கும்போதே நோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கியிருக்கும். அப்போதுதான் சிறுநீர்ப்பையை முழுமையாக அகற்றும் பேச்சு வருகிறது.

ஆண்களுக்கு சிறுநீர்ப்பையோடு புராஸ்டேட் சுரப்பியும் விந்துப் பைகளும் எடுக்கப்படும். பெண்களுக்குப் பல நேரங்களில் கர்ப்பப்பை, சினைப்பைகள், பிறப்புறுப்பின் முன்சுவரில் ஒரு பகுதி ஆகியவையும் சேர்ந்து எடுக்கப்படும். இருவருக்குமே இடுப்புப் பகுதியில் உள்ள நிணநீர் முடிச்சுகள் அகற்றப்படும். பிறகு, சிறுநீர் வெளியேறுவதற்குக் குடலின் ஒரு துண்டைக் கொண்டு புதுப் பாதை அமைக்கப்படும். பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பெரிய அறுவை சிகிச்சை இது.

முதலில் கீமோ ஏன்?

தசைக்குள் இறங்கிய நோய், ஸ்கேனில் தெரியாத அளவுக்கு உடம்பின் வேறு இடங்களில் விதை போட்டிருக்கலாம். அதை முதலிலேயே அடிப்பதற்குத்தான் கீமோ.

அமெரிக்காவில் 307 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003-ல் வெளியானது. நேரடியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 46 மாதங்கள். முதலில் கீமோ எடுத்தவர்களுக்கு அது 77 மாதங்கள். எடுத்த சிறுநீர்ப்பையைச் சோதித்தபோது, கீமோ எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு அதில் புற்றுநோயே மிச்சமில்லை. கீமோ எடுக்காதவர்களில் இது 15 சதவீதம்தான்.

அதன்பிறகு, சிஸ்பிளாட்டின் மருந்து தாங்கக்கூடிய உடல்நிலை உள்ளவர்களுக்கு 'முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன்' என்பது உலகளவில் வழக்கமான சிகிச்சையாக ஆனது. 2024-ல் வெளியான 'நயாகரா' ஆய்வுக்குப் பிறகு, கீமோவோடு துர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. இதில் ஆபரேஷன் முடிந்த பிறகும் சில மாதங்கள் அந்த மருந்து தொடரும்.

"கட்டி கரைஞ்சுபோச்சே, ஆபரேஷன் தேவையா?"

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தால், அநேகமாக எல்லா வீட்டிலும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

சிக்கல் என்னவென்றால், ஸ்கேனாலும் கேமராவாலும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. உள்தோல் சுத்தமாகத் தெரிந்தாலும் அதன் அடியில், தசையின் ஆழத்தில் நோய் ஒளிந்திருக்கலாம். 'எதுவும் தெரியவில்லை' என்று சொல்லப்பட்டவர்களில் கணிசமானோருக்கு, ஆபரேஷனில் எடுத்த சிறுநீர்ப்பையில் புற்றுநோய் மிச்சம் இருப்பது தெரியவந்திருக்கிறது. அதனால்தான் நல்ல பலன் கிடைத்தவர்களுக்கும் ஆபரேஷனைத் தொடரச் சொல்கிறார்கள்.

சிறுநீர்ப்பையை வைத்துக்கொண்டே சிகிச்சை எடுக்கும் வழியும் இருக்கிறது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுக்கும் முறை அது. கட்டி ஒன்றே ஒன்றாக, சிறியதாக, சிறுநீரகத்தை வீங்க வைக்காமல் இருக்கும் நோயாளிகளுக்கு அது பொருத்தமாக அமையலாம். அதன்பிறகு ஆயுள் முழுக்க கேமரா பரிசோதனை தொடர வேண்டும். 'எனக்கு அந்த வழி பொருந்துமா?' என்று கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரிடமும் ஒருமுறை கேட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதிலேயே மாதங்கள் ஓடிவிடக் கூடாது.

எத்தனை வாரம் காத்திருக்கலாம்?

கடைசி கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் இடையே பொதுவாக 4 முதல் 8 வாரம் இடைவெளி விடுவார்கள். ரத்த அணுக்கள் பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரம் தேவை. அதற்கு முன்பே அவசரப்பட்டால் ரத்தப்போக்கு, தொற்று அபாயம் கூடும்.

அதேபோல ரொம்பத் தள்ளிப் போடுவதும் ஆபத்து. 10 முதல் 12 வாரத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதே பல மருத்துவமனைகளின் அணுகுமுறை. கீமோ நின்ற பிறகு, மிஞ்சியிருக்கும் நோய் மறுபடி தலைதூக்க நேரம் கிடைத்துவிடும். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "ஆடி கழியட்டும்" என்று தேதியைத் தள்ளுவதற்கு முன் டாக்டரிடம் கேட்பது அவசியம். பல நேரங்களில் தள்ளிப்போட வேண்டியது ஆபரேஷனாக இருக்காது.

கீமோ உடம்பில் என்ன விட்டுச் செல்கிறது?

கீமோ முடிந்த உடம்பு, ஆபரேஷனுக்கு வருவதற்கு முன்பே ஒரு பெரிய வேலையை முடித்து வந்திருக்கிறது. அதனால் முதலில் செய்யப்படுவது கணக்கெடுப்பு.

• ரத்த அணுக்கள்: ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு மூன்றும் பார்க்கப்படும். ரத்தசோகை இருந்தால் காரணம் தேடி, தேவைப்பட்டால் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஆபரேஷன் நாளில் ரத்தம் ஏற்றும் தேவையை இது குறைக்கும்.

• சிறுநீரகம்: சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கிரியாட்டினின் அளவு, எந்த வகைச் சிறுநீர்ப் பாதை சாத்தியம் என்பதையே தீர்மானிக்கும். இந்தக் காலத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடுவது கூடாது.

• ஸ்கேன்: மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் சி.டி. ஸ்கேனில் மறுபடி பார்த்து, நோய் பரவவில்லை என்று உறுதி செய்வார்கள்.

• இதயம், நுரையீரல்: இ.சி.ஜி., எக்கோ, தேவைப்பட்டால் நுரையீரல் பரிசோதனை. நோயாளிகளில் பலர் புகைபிடித்தவர்கள், வயதானவர்கள் என்பதால் இது முக்கியம்.

• காது, கை, கால்: காதில் இரைச்சல், விரல்களில் மரத்துப்போதல் போன்றவை இருந்தால் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போனவருக்கு, பிறகு பை மாட்டுவதும் குழாய் செருகுவதும் கஷ்டமாகலாம்.

• ரத்தக்கட்டி: புற்றுநோய், கீமோ, ஒரே இடத்தில் படுத்திருப்பது மூன்றும் சேர்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கினால் "சாதாரண வீக்கம்தான்" என்று விடக்கூடாது.

உடம்பைத் தேற்றுவது எப்படி?

ஆபரேஷனுக்குப் பின் தேறுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முன்பே தேற்றிக்கொண்டு போவது இப்போது தனித் திட்டமாகவே பல மருத்துவமனைகளில் நடக்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

நடை: வீட்டு வாசலில் 5 நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். மூச்சு வாங்காத அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு நாளைக்கு 30 நிமிடம் வரை கொண்டுவரலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் 10 நிமிடமாக மூன்று முறை. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 தடவை செய்வது தொடைத் தசைக்கு நல்லது. ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டிலில் இருந்து எழுப்பும்போது உதவப்போவது அந்தத் தசைதான்.

மூச்சுப்பயிற்சி: மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை மருத்துவமனையில் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, வயிற்று வலியோடு அதைக் கற்றுக்கொள்வது சிரமம். இப்போதே பழகிவிட்டால் நிமோனியா அபாயம் குறையும்.

சாப்பாடு: கீமோவில் எடை குறைந்தவர்கள்தான் அதிகம். புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது பொதுவான இலக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம் இருக்கிறது. வெறும் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தால் இந்தக் கணக்கு எட்டாது. சைவம் சாப்பிடுபவர்கள் சுண்டல், பருப்பு, பன்னீர், சோயா, தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் சேர்க்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

புகை: "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்பார்கள். ஆகும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினாலும் நுரையீரல் தொற்றும் காயம் ஆறுவதில் தாமதமும் குறைகிறது. ஹான்ஸ், பான்பராக் போன்ற புகையிலைப் பொருட்களும் இதில் அடக்கம். மதுவையும் அதே 4 வாரம் தவிர்க்க வேண்டும். தினமும் குடிப்பவர் என்றால் அதை மறைக்காமல் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து திடீரென்று மது நின்றுபோனால் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

சர்க்கரை: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயத்தில் தொற்று வரும். வாந்திக்காகக் கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு மருந்தால் அளவு ஏறியிருக்கலாம். மாத்திரை, இன்சுலின் அளவை இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்.

பெரிய முடிவு: சிறுநீர் இனி எந்த வழியில்?

இந்த வாரங்களில் எடுக்க வேண்டிய முடிவுகளிலேயே பெரியது இதுதான். ஏனென்றால் புண் சில வாரத்தில் ஆறிவிடும், இந்த முடிவோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

1. வயிற்றில் வாய், வெளியே பை

சிறுகுடலில் 15 முதல் 20 செ.மீ. துண்டை எடுத்து, இரு சிறுநீரகக் குழாய்களையும் அதில் இணைப்பார்கள். அதன் மறுமுனை வலப்பக்க அடிவயிற்றில் சிறிய சிவந்த வாயாக வெளியே வரும். ஸ்டோமா என்பது அதுதான். அமெரிக்க சர்ஜன் யூஜின் பிரிக்கர் 1950-ல் பிரபலப்படுத்திய இந்த முறை, இன்றும் உலகில் அதிகம் செய்யப்படுகிறது.

மற்ற இரண்டைவிட இதில் ஆபரேஷன் நேரம் குறைவு, சிக்கலும் குறைவு. சிறுநீர் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், அதனால் பை எப்போதும் ஒட்டியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி நிறைந்ததும் கீழே உள்ள திருகைத் திறந்து காலி செய்ய வேண்டும். சில நாளைக்கு ஒருமுறை புதுப் பை மாற்ற வேண்டும். இரவில் பெரிய பையை இணைத்துவிட்டால் எழுந்திருக்காமல் தூங்கலாம்.

2. குடலால் ஆன புதிய சிறுநீர்ப்பை

சுமார் 50, 60 செ.மீ. சிறுகுடலைப் பிளந்து, உருண்டையாகத் தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே வைத்துச் சிறுநீர்த் தாரையோடு இணைப்பார்கள். வெளியே பை இருக்காது. வழக்கமான வழியிலேயே சிறுநீர் போகும்.

கேட்க நன்றாக இருந்தாலும் இதில் உழைப்பு அதிகம். புதிய பைக்கு 'சிறுநீர் வருகிறது' என்ற உணர்வு இருக்காது. ஆரம்பத்தில் கடிகாரம் பார்த்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் அலாரம் வைத்து எழுந்து, வயிற்றை அழுத்திப் போக வேண்டும். பகலில் கட்டுப்பாடு வரவே சில மாதங்கள் ஆகலாம். இரவுக் கசிவு சிலருக்கு நீடிக்கும். முழுமையாகக் காலியாகாவிட்டால் தானே மெல்லிய குழாய் செருகி எடுக்க வேண்டும். பெண்களுக்கு இந்தத் தேவை அதிகம் வருகிறது.

அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமும் கொலராடோ பல்கலைக்கழகப் பயிற்சியாளருமான டியான் சாண்டர்ஸ், 2025 ஜூலையில் தன் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டதை அறிவித்தார். அவர் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். அவருடைய நோய் தசை வரை இறங்காத வகை என்றாலும், இரவில் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பதை அவர் வெளிப்படையாகப் பேசியது பலருக்கும் இந்த நடைமுறைச் சிக்கலைப் புரியவைத்தது.

3. வயிற்றுக்குள் பை, குழாய் வழியாகக் காலி

குடலால் ஆன பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். தொப்புள் அருகே உள்ள சிறு துளையில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகிக் காலி செய்ய வேண்டும். வெளியே பை தேவையில்லை. குறைவாகவே செய்யப்படும் முறை இது.

எல்லோரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. சிறுநீரகமோ கல்லீரலோ பலவீனமாக இருப்பவர்கள், சிறுநீர்த் தாரையில் நோய் இருப்பவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், குழாய் செருகக் கை ஒத்துழைக்காதவர்கள் ஆகியோருக்குப் புதிய சிறுநீர்ப்பை பொருந்தாது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போதே தாரையின் வெட்டுமுனையைச் சோதிப்பார்கள். அங்கே புற்றுநோய் தெரிந்தால் அந்த நிமிடத்திலேயே திட்டம் மாறி, வெளிப் பைக்குப் போய்விடும். அதனால்தான் புதிய சிறுநீர்ப்பைக்குத் தயாரானவர்களுக்கும் வயிற்றில் ஸ்டோமாவுக்கு இடம் குறித்து வைக்கிறார்கள். கண் விழித்ததும் அதிர்ச்சி அடையாமல் இருக்க, இந்த வாய்ப்பை முன்பே மனதில் வைத்திருப்பது நல்லது.

வேட்டி எங்கே கட்டுவீங்க? புடவை எங்கே?

ஸ்டோமாவுக்கான இடத்தைப் பேனாவால் குறிக்கும் வேலை சின்னதாகத் தெரியும். ஆனால் பிற்கால வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. தவறான இடத்தில் அமைந்தால் பை ஒட்டாது, சிறுநீர் கசியும், தோல் வெந்துபோகும்.

படுத்தபடி மட்டும் பார்த்துக் குறிக்கக் கூடாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும். மடிப்பு, பழைய தழும்பு, எலும்பு முனை, தொப்புள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு அந்த இடம் தெரிய வேண்டும், கை எட்ட வேண்டும்.

நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. வேட்டி, லுங்கி முடிச்சு, புடவைக் கொசுவம், பாவாடை நாடா, பெல்ட் இவை எந்த இடத்தில் இறுகும் என்பதையும் காட்ட வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்பவர்கள் அப்படி உட்கார்ந்தே காட்டலாம். அதனால் குறிக்கும் நாளில் மருத்துவமனை கவுனைவிட, வழக்கமாக உடுத்தும் உடையோடு போவது நல்லது.

முடிந்தால் ஒரு காலிப் பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வயிற்றில் ஒட்டி ஒரு நாள் வீட்டில் நடமாடிப் பார்க்கலாம். பை போட்டுக்கொண்டே குளிக்கலாம், பஸ்ஸில் போகலாம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம். இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம் பேச முடியுமா என்று மருத்துவமனையில் கேட்பதும் உதவும். அரை மணி நேரம் அவரோடு பேசினால், பல பயங்கள் தெளியும்.

கேட்கக் கூச்சப்படும் விஷயங்கள்

தாம்பத்தியம் பற்றி நோயாளி கேட்பதில்லை, பல நேரம் டாக்டரும் சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டால்தான் திட்டத்தில் மாற்றம் செய்ய முடியும்.

ஆண்களுக்கு விந்து வெளிவராது. விறைப்புக்கான நரம்புகள் பாதிக்கப்படலாம். கட்டியின் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு அந்த நரம்புகளைக் காப்பாற்ற முடியும். பிள்ளை பெறும் திட்டம் உள்ளவர்கள் விந்தணுவைச் சேமிக்கக் கீமோவுக்கு முன்பே ஏற்பாடு செய்வதே சிறந்தது. அப்போது செய்யாவிட்டால் இப்போதாவது டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பெண்களுக்குச் சினைப்பைகளை எடுத்தால் மாதவிடாய் உடனே நிற்கும். பிறப்புறுப்பு குறுகலாம், உறவின்போது வலிக்கலாம். கட்டி எட்ட இருந்தால் கர்ப்பப்பையையும் பிறப்புறுப்பையும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்கலாம். வயதாகிவிட்டது என்பதற்காக இந்தக் கேள்வியை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை.

ஓபன் ஆபரேஷனா, ரோபோவா?

ரோபோ என்றால் நோய் நன்றாகக் குணமாகும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2018-ல் வெளியான 'ரேசர்' என்ற அமெரிக்க ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. 2 ஆண்டுகள் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோ முறையில் 72.3 சதவீதம், ஓபன் முறையில் 71.6 சதவீதம். ஏறக்குறைய சமம்தான்.

ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, காயம் சிறியது. 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிந்தைய 90 நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் ரோபோவில் 82, ஓபனில் 80. ஆக, எந்திரம் எது என்பதைவிட, அந்த சர்ஜனும் அந்த மருத்துவமனையும் வருடத்துக்கு இதுபோல எத்தனை ஆபரேஷன் செய்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. கடன் வாங்கி ரோபோவுக்குப் போவதற்கு முன் இதைக் கேட்பது நல்லது.

கடைசி வாரமும் ஆபரேஷன் நாளும்

சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மயக்க மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை எதையும் விடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

முன்பெல்லாம் குடலைச் சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்க பேதி மருந்து கொடுப்பார்கள். சிறுகுடலை மட்டும் பயன்படுத்தும் ஆபரேஷனுக்கு இப்போது பல இடங்களில் அது இல்லை. முந்தைய இரவில் இருந்து பட்டினி என்ற வழக்கமும் மாறிவருகிறது. திட உணவு 6 மணி நேரம் முன்பு வரை, தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பொதுவான விதி. சில மருத்துவமனைகளில் மாவுச்சத்து கலந்த பானமும் கொடுக்கிறார்கள். சேரும் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

கண் விழித்த பிறகு என்ன நடக்கும்?

உடம்பில் சில குழாய்கள் இருக்கும். வயிற்றில் வடிகுழாய், சிறுநீரகக் குழாய்களில் மெல்லிய ஸ்டென்ட், புதிய சிறுநீர்ப்பை என்றால் தாரையிலும் குழாய். குடல் துண்டு சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் என்பதால் சிறுநீரில் வெள்ளையாக ஏதோ மிதக்கும். அது சீழ் என்று பயப்பட வேண்டாம்.

மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, நடக்கச் சொல்வார்கள். "பாவம், வலியில இருக்காரு" என்று குடும்பத்தினர் தடுக்கக் கூடாது. நடைதான் ரத்தக்கட்டியையும் நிமோனியாவையும் தடுக்கும். குடல் சில நாள் வேலை செய்யாமல் வயிறு உப்புவது சாதாரணம். சூயிங்கம் மெல்லச் சொன்னால் வியக்க வேண்டாம், குடலைத் தட்டி எழுப்ப அது உதவுகிறது.

மருத்துவமனையில் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் 10 நாள். வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி, மொத்தம் 4 வாரம் தொடரலாம். யார் போடுவது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 6 வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் போன்ற கனமான எதையும் தூக்கக் கூடாது.

சிக்கல்கள் அரிதல்ல. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,142 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், 64 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. தீவிரமான சிக்கல் வந்தவர்கள் 13 சதவீதம். உலகத்தரமான மையத்திலேயே இந்த நிலை. அதனால் காய்ச்சல், மறு அட்மிஷன் என்று வந்தால் 'ஆபரேஷன் தோற்றுவிட்டது' என்று இடிந்துபோகத் தேவையில்லை. உடனே போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வீடும் பணமும்

முதல் 2 வாரம் உடனிருக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். பை மாற்றவும், குழாயில் சளி அடைக்காமல் உப்பு நீரால் கழுவவும் நோயாளியோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்ள வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட், கட்டிலுக்கு அருகே விளக்கு, மெத்தை நனையாமல் இருக்க விரிப்பு ஆகியவற்றை முன்பே தயார் செய்யலாம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். கீமோவுக்கு ஏற்கெனவே எவ்வளவு செலவாகியிருக்கிறது, மீதி எவ்வளவு, இந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் அனுமதி உண்டா என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்க வேண்டும். தனியார் காப்பீடு என்றால் ஸ்டோமா பைகள் அதில் வருமா என்றும் கேட்க வேண்டும். மாதாமாதம் வரும் செலவு அது.

டாக்டரிடம் கேட்க 7 கேள்விகள்

• கீமோவுக்குப் பிந்தைய ஸ்கேன் என்ன சொல்கிறது?
• கடைசி கீமோவில் இருந்து எத்தனையாவது வாரத்தில் ஆபரேஷன்?
• எனக்கு எந்தெந்தச் சிறுநீர்ப் பாதைகள் சாத்தியம்? ஏன்?
• நடுவில் திட்டம் மாறினால் என்ன செய்வீர்கள்?
• இந்த ஆபரேஷனை இங்கே வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
• ஸ்டோமா இடத்தை யார், எப்போது குறிப்பார்கள்?
• வீட்டுக்குப் போனபின் இரவில் பிரச்னை என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

எப்போது உடனே மருத்துவமனைக்கு?

காத்திருக்கும் வாரங்களில் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்கக் கூடாது:

• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
• ஒரு கால் மட்டும் வீக்கம், வலி
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி
• சிறுநீரில் ரத்தக் கட்டிகள், சிறுநீர் அடைப்பு
• விலாப்பக்கம் கடும் வலி
• நிற்காத வாந்தி, எதுவும் குடிக்க முடியாத நிலை

எடுத்த சிறுநீர்ப்பை, நிணநீர் முடிச்சுகளின் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். நோய் மிச்சம் இருந்தால் நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்து தேவைப்படலாம். குடலின் ஒரு பகுதி வேறு வேலைக்குப் போய்விட்டதால், சில ஆண்டுகளில் வைட்டமின் பி12 குறையலாம். ரத்தத்தில் அமிலத்தன்மையும் கூடலாம். ஆபரேஷன் முடிந்தாலும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடர வேண்டும்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று 10 நிமிட நடை, ஒரு முட்டை, ஒரு நோட்டில் எழுதிய 2 கேள்விகள். 5 வாரம் இப்படிப் போனால், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் உடம்பும் மனசும் கீமோ முடிந்த அன்று இருந்ததைவிடப் பலமாக இருக்கும்.

(இக்கட்டுரை பொதுவான புரிதலுக்காக மட்டுமே. மருந்து, உணவு, ஆபரேஷன் தேதி குறித்த முடிவுகளைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.)